இரண்டாம் பக்கம் இல்லாத புத்தகங்கள்

தீவுப் பக்கத்தில் கவிதைப் புத்தகம் போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோயில் ஐயரிடம் ஆசியுரை, பங்குத்தந்தையிடம் இன்னோர் ஆசியுரை, அதிபரிடம் வாழ்த்துரை, பேராசிரியர் ஒருவரிடம் அணிந்துரை, கூடப் படித்தவரிடம் நயவுரை. இவற்றை வாங்க மாதக்கணக்கில் அலைவார்கள். 48 பக்கப் புத்தகத்தில் கால்வாசி உரைகளுக்கே போய்விடும். தலைப்புப் பக்கத்தைப் புரட்டினால் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். இல்லாவிட்டால் அங்கே நூலாசிரியர் பொன்னாடையோடு நிற்கும் படம் இருக்கும். அச்சிட்டது யார், எந்த ஊரில், எந்த ஆண்டில், உரிமை யாருக்கு, எழுதித் தொடர்புகொள்ள விலாசம் எது என்று ஒரு வரியும் இராது.

சில காலம் கழித்து அதே ஆசிரியர் கைத்தொலைபேசியும் கையுமாக வருவார். "அண்ணை, என்ரை கவிதையை ஒருத்தன் தன்ரை பேரிலை போட்டிருக்கிறான். என்ன செய்யலாம்?"

செய்யலாம். சட்டம் இருக்கிறது, அலுவலகமும் இருக்கிறது. இவர் கையில்தான் சான்று இல்லை. புத்தகத்தில் ஆண்டு இல்லாததால் எது முந்தியது என்பதே வாய்ப்பேச்சாகிவிடுகிறது. எழுவைதீவில் காலையில் படகேறி, ஊர்காவற்றுறையில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய், ஒரு சட்டத்தரணி முன்னால் இருந்து இதைச் சொல்லும்போது அவர் கேட்கும் முதற் கேள்விக்கே பதில் இல்லை. ஒரு நாளும் போய், காசும் போய், மாலைப் படகுக்கு ஓடிவர வேண்டியதுதான்.

தீவுக்குச் சிறுநூல் புதிதல்ல. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிட்டுக் கொடுக்கும் கல்வெட்டு இல்லாத வீடு எது? திதி வெண்பாவும் புலம்பற் பாக்களும் ஊர்ப் புலவர் எழுதியவைதான். பெரும்பாலான கல்வெட்டுகளில் அவர் பெயர் இருப்பதில்லை. அடுத்த சாவீட்டில் இறந்தவரின் பெயரை மட்டும் மாற்றி அதே பாட்டை அச்சடிப்பதும் நடக்கிறது. கரம்பொனில் 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகளும், புங்குடுதீவின் மு. தளையசிங்கமும் சு. வில்வரத்தினமும் வந்த மண் இது. எழுத்துக்குக் குறைவில்லை, எழுதியதைக் காப்பாற்றுவதில்தான் இந்த அலட்சியம்.

முதலில் அந்த இரண்டாம் பக்கம்.

காணி உறுதியைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, இடம்பெயர்ந்தபோதும் மடியில் கட்டிக்கொண்டு போன சனம் நாங்கள். புத்தகத்துக்கு உறுதி அந்தப் பக்கந்தான். அதில் இவை இருக்கவேண்டும்: நூலின் பெயர், வகை (கவிதையா, சிறுகதையா), ஆசிரியரின் முழுப்பெயர், புனைபெயரில் எழுதினால் உரிமைக் கூற்றில் இயற்பெயர், முதற்பதிப்பு வெளியான மாதமும் ஆண்டும், பதிப்புரிமை யாருக்கு என்ற வரி, வெளியிடுபவரின் பெயரும் விலாசமும், அச்சகத்தின் பெயரும் ஊரும், பக்க எண்ணிக்கை, விலை, சர்வதேச தராதர நூல் எண். அட்டைப்படம் வரைந்தவரையும் மறக்கக்கூடாது. ஆசிரியரே வெளியீட்டாளர் என்றால் வெட்கப்படாமல் 'ஆசிரியர் வெளியீடு' என்று போடுங்கள். இல்லாத பதிப்பகம் ஒன்றுக்குப் பெயர் சூட்டினால் நாளைக்கு அந்தப் பதிப்பகத்தின் சார்பில் கையொப்பம் வைக்க ஆள் தேடவேண்டி வரும்.

அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் இடமும் போடுவது வெறும் அழகுக்காக என்று நினைக்கவேண்டாம். 1885 ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அது இந்த விபரங்களைப் புத்தகத்தில் அச்சிடச் சொல்கிறது. அச்சிட்ட புத்தகத்தின் ஐந்து பிரதிகளைக் கொழும்பில் ஒப்படைக்கவும் சொல்கிறது. அந்தக் கடமை அச்சகத்தாருடையது. ஆனால் எத்தனை அச்சகங்கள் அனுப்புகின்றன என்று கேட்டுப் பாருங்கள். 'அதெல்லாம் நீங்கள்தான் தம்பி பாக்கவேணும்' என்று சொல்லிவிட்டு அடுத்த கலியாணக் காட்டை எடுத்து வைப்பார்கள். அதனால் அச்சுக்குக் கொடுக்கும்போதே இதைப் பேசி எழுத்தில் வாங்குங்கள். அச்சகம் அனுப்பாது என்று தெரிந்தால் நீங்களே அனுப்புங்கள்: தேசிய சுவடிகள் காப்பகத் திணைக்களம், இல. 7, பிலிப் குணவர்தன மாவத்தை, கொழும்பு 07. பதிவுத்தபாலில் போடுங்கள். தபாற் கந்தோரில் தரும் அந்தச் சின்னத் துண்டைப் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியோடு வைத்திருங்கள். இன்ன நாளில் இந்தப் புத்தகம் இருந்தது என்பதற்கு அதைவிட மலிவான சான்று கிடையாது.

ஐந்து பிரதி வீண் என்று முணுமுணுப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவுப்பகுதிச் சனம் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது வீடுகளில் கிடந்த புத்தகங்கள் என்னவாயின என்று யாருக்குக் கணக்கு? ஒப்படைக்கிற பிரதிகளிலிருந்து கொழும்பு நூதனசாலை நூலகம், பேராதனைப் பல்கலைக்கழக நூலகம், தேசிய நூலகம் ஆகியவற்றுக்கும் போகிறது. ஓர் இடம் அழிந்தாலும் இன்னோர் இடத்தில் இருக்கும். வெளியீட்டு விழாவில் முன்வரிசைக்கு இனாமாகக் கொடுக்கும் பிரதிகளில் ஐந்தைக் குறைத்தாலே போதும்.

அடுத்தது நூல் எண். இதில்தான் ஏமாற்று அதிகம். இலங்கையில் இந்த எண்ணைத் தருவது ஒரே இடம்: தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை, இல. 14, சுதந்திர மாவத்தை, கொழும்பு 07. பதிப்பகம் வைத்திருக்கத் தேவையில்லை, தன் புத்தகத்தைத் தானே போடுகிற ஆசிரியரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பப் படிவத்தோடு தலைப்புப் பக்கம் முதலான முன்பக்கங்களின் மாதிரியும் போகவேண்டும். ஆகவே, பக்க வடிவமைப்பு முடிந்து, அச்சுக்குப் போகுமுன் செய்யவேண்டிய வேலை இது. விழா அழைப்பிதழ் அடித்த பிறகு எண்ணுக்கு ஓடுகிறவர்கள்தான் தரகரிடம் மாட்டுகிறார்கள். 'மூண்டு நாளிலை எடுத்துத் தாறன்' என்று ஆயிரக்கணக்கில் காசை வாங்கி, வேறொரு புத்தகத்தின் எண்ணைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஒரே எண்ணோடு இரண்டு புத்தகம் சந்தையில் உலாவும்.

எண் சரியா என்று வீட்டில் இருந்தே பார்க்கலாம். பதின்மூன்று இலக்கங்கள். இலங்கை எண் 978-955 என்றோ 978-624 என்றோ தொடங்கும். 978-81, 978-93 என்று தொடங்கினால் அது இந்தியாவில் ஒரு பதிப்பகத்தின் பேரில் வழங்கப்பட்டது. சென்னையில் மலிவு என்று அங்கே அச்சடிப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். உலகப் பட்டியலில் உங்கள் புத்தகம் அந்தப் பதிப்பகத்தின் நூலாகவே நிற்கும். இன்னுமொரு சோதனை: முதல் இலக்கத்தை ஒன்றாலும் இரண்டாவதை மூன்றாலும் மூன்றாவதை ஒன்றாலும் என மாறிமாறிப் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றிப் பிரிபடவேண்டும். பிரிபடவில்லை என்றால் எண் பிழை. சரியாக வந்தாலும் அது உங்களுடைய எண்தான் என்று ஆகிவிடாது, சபையின் கடிதத்தில் உங்கள் நூலின் பெயர் இருக்கவேண்டும். கடிதத்தைப் பார்க்காமல் தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இந்த எண் உரிமைப் பத்திரம் அல்ல. திரும்பவும் சொல்கிறேன்: நூல் எண் எடுத்ததால் பதிப்புரிமை வருவதுமில்லை, எடுக்காததால் போவதுமில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதி முடித்த கணத்திலேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு என்ற நடைமுறையே இல்லை. 'கொப்பிரைட் பதிஞ்சு தாறம்' என்று யாராவது காசு கேட்டால் அது ஏமாற்று. அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

உரிமை எழுதியவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்து 70 ஆண்டுகள் வரையும் நிற்கும். இது எங்களையும் கட்டுப்படுத்தும். தளையசிங்கம் காலமானது 1973 இல். அவருடைய எழுத்து 2043 வரை பாதுகாப்பில் இருக்கிறது. வில்வரத்தினம் 2006 இல் போனார், 2076 வரை. கோயில் மலரில் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று அவருடைய கவிதையைத் தூக்கிப் போடுகிறவர்கள் குடும்பத்தாரிடம் ஒரு கடிதம் வாங்கவேண்டும். தன் கவிதை களவு போனதென்று குமுறுகிறவரே தன் புத்தகத்தின் அட்டைக்கு இணையத்திலிருந்து யாரோ எடுத்த கடற்கரைப் படத்தை உருவிப் போட்டிருப்பார். அந்தப் படத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.

சரி, உங்கள் எழுத்தை ஒருவர் எடுத்துவிட்டார். என்ன செய்வது? எழுத்தில் கேளுங்கள். நூலின் பெயர், பக்கம், ஆண்டு, அவர் வெளியிட்ட இடம், திகதி எல்லாம் குறித்து, 'உடனடியாக நீக்கி, என் பெயரை ஒப்புக்கொண்டு அறிவிக்கவும்' என்று பதிவுத்தபாலில் ஒரு கடிதம். அதற்குமுன் அவருடைய பதிவைப் படமெடுத்து வையுங்கள், கேட்டவுடன் அழித்துவிடுவார்கள். பலது இந்தக் கடிதத்தோடேயே முடியும். முடியாவிட்டால் கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் சமாகம் மெதுரவில் இருக்கும் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு வரையறுத்த படிவத்தில் முறையிடலாம். பணிப்பாளர் நாயகம் விசாரித்துத் தீர்மானிக்கும் அதிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது. பிடிக்காதவர் நீதிமன்றம் போகலாம். நீதிமன்றத்தில் தடையும் நட்டஈடும் கேட்கலாம். வேண்டுமென்றே செய்த மீறலுக்கு நீதவான் நீதிமன்றம் ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டமோ, ஆறு மாதச் சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நூலில் வழமையான முறையில் யாருடைய பெயர் ஆசிரியராக அச்சாகியிருக்கிறதோ, எதிர்ச்சான்று வராதவரை அவரே ஆசிரியர் என்று சட்டம் கொள்ளும். அந்த இரண்டாம் பக்கம் இங்கேதான் உதவுகிறது.

கையொப்பம் பற்றியும் ஒரு வார்த்தை. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், இரு தரப்பும் கையொப்பமிட்டால்தான் செல்லும். கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் மாமா தன் தாய் தகப்பன் நினைவாக அச்சுக்காசு தந்தார் என்பதற்காக 'பதிப்புரிமை' என்ற வரியில் அவர் பெயரைப் போடாதீர்கள். முன்பக்கத்தில் நன்றி சொல்லுங்கள், அவர் பெற்றோரின் படத்தையும் போடுங்கள், அது வேறு. இப்போது வட்ஸ்அப் குழுக்களில் 'நூறு கவிஞர்கள், ஒரே தொகுப்பு, உலக சாதனை' என்று ஆளுக்கு இவ்வளவு என்று பிடிக்கிறார்கள். சான்றிதழும் பட்டமும் வரும், புத்தகம் வருவது சந்தேகம். வந்தாலும் முன்பக்கத்தில் 'எல்லா உரிமையும் தொகுப்பாளருக்கே' என்று இருக்கும். கவிதை அனுப்பும்போதே 'இந்த ஒரு பதிப்பில் ஒருமுறை அச்சிட மட்டும் அனுமதி' என்று எழுதி அனுப்புங்கள். படிக்காமல் எந்தப் படிவத்திலும் கையொப்பமிடாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கவிதைகளைத் தொகுக்கும் ஆசிரியர்களும் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கவேண்டும், பிள்ளையின் பெயரைக் கவிதைக்குக் கீழேயே போடவேண்டும்.

அச்சகத்தில் படும்பாடு தனிக்கதை. யாழ்ப்பாணத்து அச்சகங்கள் பலவற்றில் பாமினி எழுத்துருதான் இன்னும் ராசா. நீங்கள் கைத்தொலைபேசியில் யூனிகோட்டில் அடித்ததை அவர்கள் பாமினிக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரியும், 'ஸ்ரீ' பெட்டியாகிவிடும், மேற்கோட்குறி வேறெதுவோ ஆகும். கவிதையில் வரி முறிப்பு எல்லாம் ஒட்டிக்கொள்ளும். புரூவைத் திரையில் பார்க்காதீர்கள். கடதாசியில் அச்சடித்து வாங்கி, உங்கள் கையெழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்து, இன்னொருவரை வாசிக்கச் சொல்லித் திருத்துங்கள். திருத்திய பின் இரண்டாவது புரூவையும் பாருங்கள், ஏனெனில் திருத்துகையில் புதுப் பிழை நுழையும். கடைசிப் பிடிஎப் கோப்பையும் மூலக்கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த பதிப்புக்கு மீண்டும் தட்டெழுத்துக் காசு கொடுக்கிற முட்டாள்தனம் வேண்டாம்.

நடுவில் கம்பி அடிக்கும் சிறுநூலுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக வரவேண்டும். 32, 48, 64 என்று திட்டமிட்டால் தாள் வீணாகாது. 45 பக்கத்தோடு போனால் மூன்று பக்கம் வெறுமையாகும். அதை நிரப்பத்தான் நகைக்கடை விளம்பரம் வந்து குந்துகிறது. இருநூறு பிரதிக்குக் குறைவென்றால் டிஜிட்டல் அச்சையும் ஓப்செற்றையும் இரண்டையும் விலை கேளுங்கள். சிறு தொகைக்குத் தட்டுச் செலவு தாங்காது. எத்தனை பிரதி, எத்தனை கிராம் தாள், அட்டை என்ன, முற்பணம் எவ்வளவு, என்ன திகதிக்குத் தருவது, சுவடிகள் காப்பகத்துக்கு யார் அனுப்புவது என்பதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையொப்பம் வையுங்கள். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தெரிந்த அச்சகம், சொந்தக்காரப் பெடியன் என்று வாய்ப்பேச்சில் விட்டவர்கள்தான் விழா நாளில் அட்டை மட்டும் ஒட்டிய பத்துப் பிரதியோடு மேடையில் நிற்கிறார்கள். சொன்னபடி தராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடுங்கள், தொலைபேசி 1977. சின்னத் தொகைத் தகராறு என்றால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். ஊரில் இணக்கசபை என்று சொல்வது அதைத்தான். அங்கே சட்டத்தரணி வரமுடியாது, செலவும் இல்லை. பற்றுச்சீட்டு இல்லாதவருக்கு இரண்டு இடத்திலும் கதை இல்லை.

இனி உள்ளடக்கத்தின் ஆபத்து. ஊர்ச் சண்டையைப் பெயர் மாற்றாமல் சிறுகதையாக்கினால் மானநட்ட வழக்கு வரும். குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டாலும் குடியியல் வழக்குக்குத் தடையில்லை. அதைவிடப் பெரியது வேறு. மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் 2017 இல் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். தீவிரவாதத்தை வளர்க்கும் கவிதைகள் என்றார்கள். அதே தொகுப்பில் வன்முறைக்கு எதிரான கவிதைகள் இருந்தன. தமிழ் தெரியாதவர்கள் தமிழ்க் கவிதைக்குப் பொருள் சொன்னால் இதுதான் நடக்கும். ஒன்றரை வருடத்துக்கு மேல் அடைபட்டிருந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுவித்தது. இழந்த காலத்தை எந்த அலுவலகமும் திருப்பித் தரவில்லை.

இதைச் சொல்வது எழுதாமல் இருங்கள் என்பதற்காக அல்ல. புத்தகத்தைப் பற்றி விசாரிக்க யாரும் வந்தால் எந்தப் பிரிவு, பெயர் என்ன என்று கேட்டுக் குறியுங்கள். பிரதிகளை எடுத்துச் சென்றால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிடாதீர்கள். விளங்காத மொழியில் எதிலும் கையொப்பமிடாதீர்கள். பயங்கரவாதத் தடைச் சட்டக் கைது என்றால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். அவர்கள் அறிவிப்பார்கள் என்று காத்திராமல் வீட்டார் உடனே 1996 என்ற இலக்கத்துக்கு எடுக்கவேண்டும். ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் உண்டு. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் போட ஒரு மாதந்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இதைத் தெரியாமல் மாதத்தைக் கடத்தியவர்கள் பலர்.

கொழும்பு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதத் தயங்காதீர்கள். தமிழ் அரசகரும மொழி. தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் பதில் வரவேண்டும். சிங்களத்தில் வந்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். ஏதோ ஒரு திட்டத்தில் எந்த நூல்களை வாங்கினீர்கள், என் விண்ணப்பம் ஏன் தள்ளப்பட்டது என்று கேட்டால் 'மேலிடத்து முடிவு' என்று கையை விரிக்கும் அதிகாரிகளுக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்கவேண்டும். கடிதம் கிடைத்ததற்கு ஒப்புகையும் தரவேண்டும். எழுவைதீவுக்காரர் ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகத்துக்குப் போகும் நாளில் கலாசார உத்தியோகத்தரையும் பார்த்து, நூற்பரிசு, நூல் கொள்வனவு அறிவித்தல்களைக் கேட்டுவரலாம். முடிவுத் திகதி கழிந்த பிறகுதான் அறிவித்தல் தீவுக்கு வருகிறது என்பது பழைய முறைப்பாடு. வாடைக்காற்றில் படகு ஓடாத நாட்களைக் கணக்கில் வைத்து அறிவித்தலை நேரத்தோடு அனுப்ப ஓர் அலுவலகத்துக்குக்கூடத் தோன்றாதது வெட்கக்கேடு.

ஏற்கெனவே புத்தகம் போட்டுவிட்டவர்கள், இரண்டாம் பக்கம் வெறுமையாகவே போய்விட்டதே என்று சோரவேண்டாம். வெளியான மாதம், ஆண்டு, அச்சகம், உரிமை எல்லாவற்றையும் ஒரு சிறு தாளில் அச்சடித்து மிஞ்சிய பிரதிகளில் ஒட்டுங்கள். அன்றைய அழைப்பிதழையும் அச்சகப் பற்றுச்சீட்டையும் தேடி எடுத்து ஒன்றாக வையுங்கள். யாழ். பொது நூலகத்துக்கும் யாழ். பல்கலைக்கழக நூலகத்துக்கும் ஒவ்வொன்று கொடுங்கள். 2005 இலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதியும் எழுத்தனுமதியும் கொடுங்கள். என். செல்வராஜா தொகுத்துவரும் 'நூல் தேட்டம்' ஈழத்து நூல்களைத் தொகுதி தொகுதியாகப் பட்டியலிடுகிறது. அதற்கும் விபரம் போகட்டும். ஐந்து பிரதி கொழும்புக்கு. அலுமாரிக்கு மேல் பெட்டியில் கட்டிவைத்த மிச்சத்தைக் கரையான் எடுக்குமுன், இந்தக் கிழமையே தபாலில் போடுங்கள். துண்டை வாங்க மறக்காதீர்கள்.